சாம்பல் சத்தும் சாயப் பொடியும்: நாளைய பேட்டரி பற்றி வணிகர் அறிய வேண்டியவை

பேட்டரி இல்லாமல் இன்று போடியில் ஒரு மளிகைக் கடைகூட நடப்பதில்லை. மின்னணுத் தராசுக்குள் ஒரு சிறு பேட்டரி, பில் போடும் இயந்திரத்துக்கு ஒன்று, மின்சாரம் நின்றால் விளக்கெரிய இன்வெர்ட்டருக்கு ஒன்று என ஒவ்வொரு கடையிலும் இரண்டு மூன்றாவது இருக்கின்றன. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலமே கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்ட காலம் இது. மேலே போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை எனத் தோட்டங்கள் தோறும் கைவிளக்குக்கும் செல்போனுக்கும் சூரிய ஒளிப் பலகைக்கும் பேட்டரியே துணை.

பருப்பு விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மழை பொய்த்ததா, இறக்குமதி நின்றதா என்று நாம் காரணம் விசாரிக்கிறோம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பேட்டரிக்கோ சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதனுள் இருக்கும் சரக்கு எது, எங்கிருந்து வருகிறது, எதனால் விலை ஆடுகிறது என்று கேட்பதில்லை. இப்போது ‘பொட்டாசியம் பேட்டரி’, ‘ஆர்கானிக் பேட்டரி’ என்ற புதுப் பெயர்கள் செய்திகளில் அடிபடத் தொடங்கிவிட்டன. புதுப் பெயர் வந்தால் அதன் பின்னாலேயே ஏஜென்சி தருகிறேன், டெபாசிட் கட்டுங்கள் என்று ஆள் வருவதும் வழக்கம். ஆகவே இந்தப் பொருளின் உண்மை நிலையை நம் உறுப்பினர்கள் அறிந்து வைத்திருப்பது நலம்.

இரண்டு கிட்டங்கிகள்

பேட்டரி என்பதை ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் இரண்டு கிட்டங்கிகளாக எண்ணிக் கொள்ளலாம். இவற்றை மின்முனைகள் என்பர். இரண்டுக்கும் நடுவே திரவம் நிரம்பியிருக்கும். மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், இந்தத் திரவத்தின் வழியாக ஒரு கிட்டங்கியிலிருந்து மற்றதற்குப் போகும். அதே சமயம் எலெக்ட்ரான்கள் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும். சரக்கு உள்வழியாகவும் அதற்கான ரொக்கம் வெளிவழியாகவும் போவது போல. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். வெளிவழியில் ஓடும் அந்த எலெக்ட்ரான்களே நம் விளக்கை எரிய வைக்கின்றன. சார்ஜ் போடும்போது சரக்கு திரும்பவும் பழைய கிட்டங்கிக்கு வருகிறது.

சரக்காகப் போய்வருவது லித்தியம் என்றால் அது லித்தியம் அயனி பேட்டரி. பொட்டாசியம் என்றால் பொட்டாசியம் அயனி பேட்டரி. பேட்டரியின் விலையும் ஆயுளும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை: சரக்கு எது, கிட்டங்கி எதனால் கட்டப்பட்டது.

லித்தியத்தில் என்ன குறை?

லித்தியம் அயனி பேட்டரியை ஜப்பானின் சோனி நிறுவனம் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. லித்தியம் எடை குறைந்தது, அளவில் சிறியது, வலுவுள்ளது. குறை அதன் வேலையில் இல்லை, வரத்தில்தான்.

பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 20 பங்குதான் லித்தியம். அதுவும் ஆஸ்திரேலியா, சிலி போன்ற சில நாடுகளிலேயே பெருமளவு எடுக்கப்படுகிறது. சுத்திகரிப்பில் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது. சில வகை லித்தியம் பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டோ பாதிக்கு மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ஒரே சந்தையை நம்பிய சரக்கின் விலை எப்படி ஆடும் என்று ஏலக்காய் வியாபாரம் செய்யும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021, 2022 ஆண்டுகளில் லித்தியம் விலை பல மடங்கு ஏறியது. 2023-ல் அதே வேகத்தில் சரிந்தது. நம் நாட்டில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருக்கலாம் என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. நிலத்தடியில் இருப்பதாகக் கணிப்பது வேறு, வெட்டியெடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருவது வேறு.

பொட்டாசியம் நமக்குப் புதிதல்ல

உரக்கடை வைத்திருப்பவர்களுக்குப் பொட்டாசியத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்றாவதாகச் சொல்கிறோமே, அதுதான் இது. ஏலச்செடிக்கு இந்தச் சத்து மிக அவசியம். தழைச்சத்தைப் போல இரு மடங்கு சாம்பல் சத்து இடவேண்டும் என்பதே வழக்கமான பரிந்துரை. உலகில் ஓராண்டில் எடுக்கப்படும் லித்தியம் சில லட்சம் டன்தான். பொட்டாஷ் உற்பத்தியோ கோடிக்கணக்கான டன். பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் பொட்டாசியம் உள்ளது.

‘சாம்பல் சத்து’ என்ற தமிழ்ப் பெயர் பொருத்தமானது. விறகுச் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அந்த நீரைச் சட்டியில் சுண்டக் காய்ச்சியே முற்காலத்தில் பொட்டாஷ் எடுத்தார்கள். 1807-ல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி அந்தப் பொட்டாஷ் காரத்தை உருக்கி, அதில் பேட்டரியின் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தை முதன்முதலாகத் தனியே பிரித்தார். பேட்டரியால் கண்டெடுத்த உலோகத்தை இப்போது பேட்டரிக்குள்ளேயே வைக்கப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘பூமியில் ஏராளம்’ என்றால் ‘நம் ஊரில் மலிவு’ என்று பொருளல்ல. நம் நாடு தனக்கு வேண்டிய பொட்டாஷ் உரத்தை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதிதான் செய்கிறது. ஆனால் அதை எடுக்கும் நாடுகள் பல. கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. உரத்துக்குப் போகும் அளவோடு ஒப்பிட்டால் பேட்டரிக்கு வேண்டிய அளவு சிறிது. ஆகவே லித்தியத்தில் கண்டது போன்ற தட்டுப்பாடு இதில் வருவது அரிது.

பெரிய காய்க்குப் பெரிய கண்

அப்படியானால் லித்தியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஏலக்காயை 6 மி.மீ., 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறோம். 7 மி.மீ. கண்ணில் 8 மி.மீ. காய் இறங்காது. அணுக்களின் உலகிலும் இதே கதைதான். லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 1.02, பொட்டாசியத்துக்கு 1.38. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.

லித்தியத்துக்கென்று கட்டிய கிட்டங்கிகள் பெரும்பாலும் உலோக ஆக்சைடுகள். இரும்பு ரேக் அடித்தாற்போல் இறுகிய அமைப்பு. அதில் பொட்டாசியம் என்ற பெரிய மூடையைத் திணித்துத் திணித்து எடுத்தால் ரேக் நெளிந்து உடையும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் பொட்டாசியம் புகுந்து வெளிவரும் என்பதை 2015-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் தனித்தனியே காட்டினர். ஆனால் லித்தியம் புகும்போது பத்து சதவீதம் அளவில் உப்பும் கிராஃபைட், பொட்டாசியம் புகும்போது அறுபது சதவீதம் அளவில் உப்புகிறது. தினமும் இப்படி உப்பிச் சுருங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

இருந்தும் விஞ்ஞானிகள் பொட்டாசியத்தை விடாமல் இருக்கக் காரணங்கள் உண்டு. ஒரு உலோகம் தரக்கூடிய மின்னழுத்தத்தை ஒரு பொது அளவில் கணக்கிடுவார்கள். அதில் லித்தியம் 3.04 வோல்ட், பொட்டாசியம் 2.93, சோடியம் 2.71. ஆக, லித்தியத்துக்கு அடுத்து நிற்பது பொட்டாசியம். அடுத்தது, லித்தியம் பேட்டரியின் ஒரு பக்கத்துக்குச் செம்புத் தகடு வேண்டும். பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் இரு பக்கமும் அலுமினியத் தகடே போதும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் பாத்திரக் கடைக்காரர்களுக்குத் தெரியும். எடை மட்டும் கூடுதல்தான். லித்தியம் அணுவின் எடை 7 என்றால் பொட்டாசியத்துக்கு 39. செல்போனுக்கும் ஸ்கூட்டருக்கும் இது குறையே. கடை மூலையில் ஒரே இடத்தில் கிடக்கும் இன்வெர்ட்டருக்கு எடை ஒரு பொருட்டல்ல.

‘ஆர்கானிக்’ என்ற சொல்லில் மயங்க வேண்டாம்

ரேக் உடைகிறது என்றால் சாக்குப் பை போல் நெகிழ்ந்து கொடுக்கும் கிட்டங்கி வேண்டும். அதற்குத்தான் ‘ஆர்கானிக்’ மின்முனை.

நம் கடைகளில் ‘ஆர்கானிக் ஏலக்காய்’ என்றால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்தது, சான்றிதழ் உள்ளது என்று பொருள். வேதியியலில் இச்சொல்லுக்கு அந்தப் பொருளே இல்லை. கரியணுக்களைச் சட்டமாகக் கொண்டு, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் முதலியன சேர்ந்த கூட்டுப்பொருள் எல்லாம் அங்கே ஆர்கானிக், அதாவது கரிமப் பொருள். சர்க்கரையும் ஆர்கானிக்தான், மண்ணெண்ணெயும் ஆர்கானிக்தான். ஆகவே ‘ஆர்கானிக் பேட்டரி, உடம்புக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்தக் கரிமப் பொருள்களில் ஓர் ஆக்சிஜன் அணு கரியணுவோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் இடங்கள் உண்டு. அந்த இடத்துக்கு ஒரு எலெக்ட்ரான் வந்தால் பிணைப்பில் ஒன்று விடுபட்டு, ஆக்சிஜன் ஒரு பொட்டாசியம் அயனியைக் கொக்கி போல் பிடித்துக் கொள்ளும். எலெக்ட்ரானைத் திரும்ப எடுத்தால் கொக்கி விட்டுவிடும். மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்குமே தவிர இறுகப் பூட்டப்பட்டிருக்காது. அதனால் பெரிய மூடை வந்தாலும் சற்று விலகி இடம் கொடுக்கும். நிக்கல், கோபால்ட் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இதற்குத் தேவையில்லை.

இப்படிச் சோதிக்கப்பட்ட பொருள்களில் பல நமக்கு வேறு வேடத்தில் பழக்கமானவை. பி.டி.சி.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள் பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கும் சிவப்பு நிறமி வகையைச் சேர்ந்தது. பொட்டாசியம் பேட்டரியில் இதை வைத்து அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஆய்வு வெளியிட்டனர். ஒரு கிராமுக்குச் சுமார் 130 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது. இன்று சந்தையில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு இது 160 வரை வரும், மின்னழுத்தமும் கூடுதல். ஆந்த்ரகுயினோன் என்ற துணிச்சாய மூலப்பொருளின் வகைகளையும் சோதித்திருக்கிறார்கள். நாம் எண்ணெய் விற்கும் பெட் பாட்டில் செய்யப் பயன்படும் டெரிதாலிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, எதிர்ப்பக்கக் கிட்டங்கிக்கு ஏற்றது என்று 2017-ல் ஆய்வுகள் வந்தன.

மஞ்சிட்டி கதை

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மஞ்சிட்டி வேரை நாம் அறிவோம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் படரும் கொடி. அதன் சிவப்புக்குக் காரணமான பொருள்களில் ஒன்று பர்பியூரின். அதே பர்பியூரினை வைத்து லித்தியம் பேட்டரியின் மின்முனை செய்யலாம் என்று 2012-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஒரு குழு காட்டியது. மருதாணியின் நிறப்பொருளான லாசோனையும் பேட்டரி ஆய்வில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மஞ்சிட்டியை மூடை மூடையாக வாங்கி இருப்பு வைத்துவிட வேண்டாம். ஏன் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. தமிழகக் கரையோரங்களில் சாயவேர் தோண்டுவது ஒரு பெரிய தொழிலாக இருந்தது. அதன் சிவப்புக்கு மூலமான அலிசரின் என்ற பொருளைக் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர் 1868-ல் தாரெண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்து காட்டினர். சில ஆண்டுகளில் தொழிற்சாலைச் சரக்கு சந்தைக்கு வந்தது. வேர்ச்சாய வியாபாரம் படுத்தது. 1897-ல் ஜெர்மனியின் தொழிற்சாலை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரி நீலத்துக்கும் அதே கதி. ஒரு பொருளின் கட்டமைப்பு தெரிந்துவிட்டால் தொழிற்சாலை அதைச் செடியைவிட மலிவாகச் செய்துவிடும். நாளை பேட்டரிக்குப் பர்பியூரின் வேண்டியிருந்தாலும் அது டிரம்மில் வருமே தவிர மலையிலிருந்து சுமையாக இறங்காது.

இன்னும் தீராத குறைகள்

முதல் குறை, சாயம் போவது. மட்டமான சுங்குடிச் சேலையை நீரில் போட்டால் சாயம் இறங்குவது போல, சிறிய கரிம மூலக்கூறுகள் பேட்டரித் திரவத்தில் கரைந்துவிடுகின்றன. கிட்டங்கியே கரைந்தால் சரக்கை எங்கே வைப்பது? மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிமர் ஆக்குவது, உப்பு வடிவமாக்குவது, திரவத்தை அடர்த்தியாக்குவது என்று மூன்று வழிகளில் முயல்கிறார்கள்.

இரண்டாவது, இப்பொருள்கள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. அதற்காகக் கரித்தூளை நிறையக் கலக்க வேண்டியிருக்கிறது. கலந்த கரித்தூள் இடத்தை அடைக்கும், சரக்கைச் சுமக்காது. மூன்றாவது, இவை பொரி மூட்டை போல. எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம்.

நான்காவது குறை பெரியது. இந்தக் கிட்டங்கிகளில் பெரும்பாலானவை காலியாகவே தயாராகின்றன. பொட்டாசியத்தை எதிர்ப்பக்கத்தில் உலோகமாகவே வைத்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. பொட்டாசிய உலோகத்தில் ஈரம் பட்டால் தீப்பற்றும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையாளலாம். கடையில் வைத்து விற்க முடியாது.

எனவே இன்றைய நிலை இதுதான்: கரிம மின்முனை கொண்ட பொட்டாசியம் பேட்டரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, அங்காடியில் இல்லை. 2024-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள குரூப்1 என்ற நிறுவனம் பொட்டாசியம் அயனி செல் ஒன்றை வெளியிட்டது. அதிலுள்ள மின்முனை கரிமப் பொருளல்ல, ‘பிரஷ்யன் நீலம்’ என்ற இரும்புச் சாய வகையைச் சேர்ந்தது. கரிம மின்முனையில் நல்ல முன்னேற்றம் கண்டது லித்தியம் பேட்டரியில்தான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2024-ல் எளிதில் கரையாத ஒரு கரிமப் பொருளைக் கண்டு அறிவித்தனர்.

காரைக்குடியும் வணிகர் கொடையும்

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே நம் தமிழ்நாட்டில் ஒரு தேசிய நிறுவனம் உண்டு. காரைக்குடியில் உள்ள ‘சிக்ரி’ எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் வந்தது. 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே உருவான லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் குழுமத்துக்குத் தர 2018-ல் ஒப்பந்தமானது. வியாபாரத்தில் ஈட்டிய பணம் விஞ்ஞானத்துக்குப் போன இந்த வரலாறு வணிகர்களாகிய நமக்குப் பெருமை தருவது.

கடைக்காரர் இப்போது செய்ய வேண்டியது

இன்று கடைக்கு வாங்குவது ஈய அமில பேட்டரியாகவோ லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாகவோதான் இருக்கும். சோடியம் பேட்டரி மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது. எதுவானாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள்.

1. இதில் எத்தனை வாட் மணி மின்சாரம் அடங்கும்? விலையை அதனால் வகுத்துப் பார்த்தால்தான் இரண்டு பேட்டரியை ஒப்பிட முடியும்.

2. எத்தனை முறை சார்ஜ் தாங்கும்? எந்த வெப்பநிலையில்? போடிமெட்டுக் குளிருக்குச் சொன்ன கணக்கு, தகரக் கூரைக் கடையின் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது.

3. வாரண்டி யார் தருகிறார்? தயாரிப்பாளரா, விற்பவரா? முழு மாற்றா, கழிவு விலையா?

4. லித்தியம் செல் என்றால் ஐ.எஸ். 16046 தரப் பதிவு இருக்கிறதா?

5. பழையதை யார் திரும்ப எடுப்பார்? 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. ஈய பேட்டரிக்குப் பழைய விலை உண்டு என்பதால் அது தானே திரும்பிப் போய்விடும். லித்தியம் பேட்டரிக்கு இப்போதே கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

ஈய பேட்டரி வைத்திருப்போர் வடிநீர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். அடியோடு காலியாகும் வரை ஓட்டாதீர்கள். பழைய பேட்டரியின் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவோர் சிலர் உண்டு. அந்தச் சாக்கடை கொட்டகுடி ஆற்றிலும், கொட்டகுடி வைகையிலும் கலக்கிறது. ஈயம் கலந்த நீர் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

பொட்டாசியம் பேட்டரிக்கு மாவட்ட ஏஜென்சி தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: ‘தரச்சான்றுள்ள பேட்டரி ஒன்றை என் கடை இன்வெர்ட்டரில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.’ ஏலக்காயைக்கூட நாம் மாதிரி பார்க்காமல், தோலுரித்து அரியைப் பார்க்காமல் ஏலம் கேட்பதில்லை. சாம்பல் சத்தில் ஓடும் பேட்டரி வந்தால் விலை நிலைக்கும், இறக்குமதிக் கவலை குறையும்; அது வரட்டும், வரவேற்போம். வரும்வரை கல்லாப் பணம் கல்லாவிலேயே இருக்கட்டும்.